நாத்தனார் கேட்ட ஷட்டில்

தையல் மிஷினைக் கேட்டிருந்தால்கூட எங்களுக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது. ரோத்தே அத்தை கேட்டது, அடிநூலைச் சுமந்து மிஷினுக்குள்ளே ஓடுகிற விரல் நீள ஷட்டிலை; அது இல்லாவிட்டால் மிஷின் தைக்காது.

தெபுவா எனக்குச் சித்தி. என் அப்பாவின் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். தம்பி தீமோன், அவருக்கும் இளையவள் ரோத்தே. ரோத்தேயைக் காயலுக்குத் தெற்கே கட்டிக்கொடுத்திருந்தது. தீமோன் சித்தப்பா கட்டிக்கொண்டதுதான் தெபுவா, ஒனோத்தோவா தீவுப் பெண். அவள் அப்பா பனாபாத் தீவில் பாஸ்பேட் தோண்டப் போய், அந்தக் கூலியில் வாங்கிய பழைய கைமிஷின் அது. கல்யாணமாகி வந்த கப்பலில் வாந்தி எடுத்தபோதும் அவள் அதை மடியிலிருந்து இறக்கவில்லையாம்.

அந்த மிஷினின் ஷட்டில் குட்டித் தோணி மாதிரி இருக்கும், ஒரு முனை கூராக. அதற்குள் நூல் சுற்றிய, ஈர்க்குபோல மெலிந்த நீளப் பாபின். நூலைப் பிளவில் இழுத்து, எஃகுத் தகட்டுக்கு அடியில் நுழைத்து, துளை வழியாக வெளியே எடுப்பாள். பிறகு நூல் நுனியைப் பிடித்துத் தூக்குவாள். ஷட்டில் சிலந்தி மாதிரித் தொங்க வேண்டும், லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. திபுத்தா சட்டைக்குக் கழுத்தில் சுருக்கம் வைக்கிற ரப்பர் நூலை மட்டும் சக்கரத்தில் சுற்ற மாட்டாள். இழுக்காமல், கையாலேயே பாபினில் சுற்றுவாள்; விறைத்துப்போனால் கழுத்து சுருங்காது.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டுத் திறப்பு விழா வைத்திருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே மஞ்சள் திபுத்தா போட்டு ஆடுவதாகப் பேச்சு. "நான் தைச்சுக் குடுக்கறேன்" என்று பெரியவர்கள் முன்னால் ஒத்துக்கொண்டவள் தெபுவா. பாதிச் சட்டைக்கு இன்னும் கழுத்து ஆகவில்லை. அந்த மத்தியானம் ரோத்தே அத்தை ஈரப் பாவாடையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, புபுத்தி கேட்டு வந்திருக்கேன்."

பாபின் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. சொந்தக்காரர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிட்டால் எங்களில் இல்லை என்கிற பேச்சே கிடையாது. இல்லை என்றவளின் பெயர் பேரப்பிள்ளை காலம்வரை நாறும்.

"கேளு" என்றாள் தெபுவா.

"உங்க ஷட்டில் வேணும். என்னோடது காயல்ல விழுந்துடுச்சு. தோணியில வரும்போது தைச்சுக்கிட்டே வந்தேன்..."

"தோணியிலயாடி தைப்பாங்க?" என் அம்மா கத்தியே விட்டாள்.

"காத்து நல்லாத்தான் இருந்துச்சு பெரியண்ணி! எங்க ஊருப் பொம்பளைங்களும் உங்க விழாவுல ஆடப் பச்சைத் துணிய வெட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அப்ப எங்க ஊருப் பொம்பளைங்க? பாயைச் சுத்திக்கிட்டு ஆடறதுக்கு அவங்க என்ன ஆம்பளைங்களா?"

தெபுவா மிஷினின் தகட்டை நகர்த்தி ஷட்டிலை எடுத்தாள். உள்ளே இருந்த பாபினைக்கூட உருவவில்லை. அப்படியே நாத்தனார் கையில் வைத்தாள். "நூல் கோத்தே இருக்கு. பத்திரம்."

அம்மா வாயில் கை வைத்தவள் எடுக்கவேயில்லை.

மீனோடு வந்த சித்தப்பா கூடையைக் கீழே போட்டுவிட்டார். "குடுத்துட்டியா? நிஜமாவா?"

"உங்க தங்கச்சிதானே கேட்டா. இல்லைன்னு சொல்லியிருந்தா நீங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவீங்க?"

ஊரே அதிர்ந்துபோனது. "ஒனோத்தோவாக்காரி நம்மளை அம்மணமா ஆட விட்டுட்டா" என்று கிணற்றடியில் அவள் காதுபடவே பேசினார்கள். கையால் தைத்துப் பார்த்தார்கள். விரல் கிழிந்ததுதான் மிச்சம்.

ஓரிரு நாள் பொறுத்து, காயல் வற்றிய நேரத்தில் தெபுவா தெற்கே நடந்தாள். அம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று அம்மாவுக்கு உதறல். அதைவிடக் கேவலம் வேறில்லை.

ஈரப்பலா மரத்தடியில் ரோத்தே அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் பச்சைச் சட்டைகள் சுருங்காமல், செத்த மீன்போல மல்லாந்து கிடந்தன. தெபுவா ஷட்டிலிலிருந்து பாபினை உருவி விரலால் தடவினாள். சக்கரத்தில் மாட்டி விறைக்க விறைக்கச் சுற்றிய ரப்பர் நூல்.

"ரோத்தே, இப்ப நான் புபுத்தி கேக்கிறேன்."

ரோத்தேயின் மாமியார் எழுந்து வந்து மிஷினை மறைத்து நின்றாள். "தெரியும்டி. மிஷினைத்தானே? தூக்கிட்டுப் போ!"

"மிஷின் எங்கிட்டயே இருக்கு அத்தை."

"அப்ப ஷட்டிலா?"

"குடுத்ததைக் கேக்கற பழக்கம் எங்க தீவுல இல்ல. எனக்கு ரோத்தே வேணும்."

அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்தாள்.

"என்னையா?" என்றாள் ரோத்தே, தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

"உன்னைத்தான். விழா வரைக்கும் எங்க வீட்டுல இருந்து தைக்கணும். பச்சைத் துணியையும் மூட்டை கட்டிக்க."

"மருமகளையே புபுத்தி கேக்கறாளே!" மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் பல்லு அத்தனையும் கொட்டிப்போச்சு, இப்படி ஒருத்தி கேட்டு நான் பாத்ததில்லையே!" ஆனால் இல்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. ஷட்டிலையும் வைத்து மூட்டையைத் தானே கட்டி ரோத்தேயின் தலையில் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சித்தி ரப்பர் நூலைத் தளரச் சுற்றிக் கொடுக்க, ரோத்தே சித்தியின் மிஷினில் தைத்தாள். சித்தப்பாவுக்குப் படுக்கத் தோணிக் கொட்டகைதான். விழாவில் மஞ்சள் வரிசை எழுந்தபோதும் சரி, பச்சை வரிசை எழுந்தபோதும் சரி, ஒரு கழுத்தும் தொங்கவில்லை. கிணற்றடியில் பேசியவர்கள் சித்தியைப் பார்த்துக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

விருந்து முடிந்து ரோத்தே ஷட்டிலை நீட்டினாள். "இந்தாங்க அண்ணி, போதும்."

"அது உன்னோடது" என்று சொல்லிவிட்டுச் சித்தி மீன் எலும்பைப் பொறுக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சித்தி சாகும்வரை அவள் மிஷின் ஒரு தையல்கூடப் போடவில்லை. ஆனால் பாபின் சுற்ற ஷட்டில் தேவையில்லையே. நூல் சுற்றிய பாபின்களைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டு, காயல் வற்றும்போதெல்லாம் தெற்கே நடப்பாள். அங்கே ரோத்தே மிஷினைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள்.