வால் முளைத்த நட்சத்திரம்

பஸ் டிப்போவில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். கோடு போட்ட மாதிரி வண்டியை நிறுத்துகிற டிரைவர். எங்காவது இடித்துவிட்டு வந்து பிரேக்கைக் குறை சொல்கிறவர்களை, "முதல்ல உன்னப் பாரு, அப்புறம் வண்டியப் பாரு" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார். அவர் தலை தெரிந்தாலே பாதிப் பேர் கழிப்பறைப் பக்கம் ஒதுங்குவார்கள்.

அடுத்த வாரம் டிப்போவில் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. மிச்சக் காலம் முழுக்க டயருக்குக் காற்றடிக்க வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்துத்தான் சகலை, தான் வாங்கிச் சலித்துப்போன தொலைநோக்கியை அவர் தலையில் கட்டினார்.

மொட்டை மாடியில் வைத்துப் பார்த்த அன்றே ஸ்கேல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நட்சத்திரம் புள்ளியாக இல்லை. இடப்பக்கம் வால் முளைத்திருக்கிறது. உள்ளே கண்ணாடி கோணல். ஓட்டைச் சாமானைத் தள்ளிவிட்டதாகச் சகலையைப் போனில் ஒரு பிடி பிடித்தார். மறுநாள் இருட்டியதும் சகலை ஓடி வந்தார்.

"கோணலான்னு பாக்க ஒரு வழி இருக்குண்ணே. நட்சத்திரத்த நடுவுல நிறுத்தி, வேணும்னே கலங்கடிக்கணும்." குமிழைத் திருகினார். "வளையம் வளையமா விரியும், உள்ள கறுப்பா ஒரு வட்டம். அது ஓரமா ஒதுங்கியிருந்தாதான் கோணல். அக்கா, நீங்க பாருங்க."

ஸ்கேலின் மனைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். "நட்டநடுவுலதான் இருக்கு தம்பி."

சகலை குமிழைத் திருப்பித் தெளிவாக்கினார். "இப்ப புள்ளியாத் தெரியுதா?"

"குண்டூசித் தலை மாதிரி."

ஸ்கேல் அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தார். "வால் இருக்கே. யார் காதுல பூ சுத்தற?"

"குழாயத் தொடாம, தலைய மட்டும் சாச்சுப் பாருங்கண்ணே. கோணல் குழாய்லன்னா வால் அசையாம நிக்கும்."

சாய்த்தார். வாலும் கூடவே சாய்ந்தது. நிமிர்ந்தார், நிமிர்ந்தது. ஊட்டி வளர்த்த பிராணி மாதிரி அவர் போன பக்கமெல்லாம் வந்தது.

ஓயாமல் பேசுகிற சகலை, குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். செருப்பு காலில்தான் இருந்தது. "அப்ப நான் கெளம்பறேன்க்கா."

அவர் தலை மறைந்ததும் ஸ்கேல் திருப்புளியோடு வந்தார். குழாயின் அடியில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகள். கைக்கு அகப்பட்டதைக் கரகரவென்று திருகினார். அவள் தடுக்கவில்லை. ஓடிப்போன நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்.

"இப்பப் பாருடி."

பார்த்தாள். அவளுக்கும் வால் வந்திருந்தது.

"ஆமாங்க. கோணல்தான்."

"சொன்னேன்ல."

"சொன்னீங்க. காலைல கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருவோம்."

"எதுக்கு? கோணல் இதுலதான?"

அவள் கொடியில் காய்ந்த, அவர் வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையை எடுத்தாள். காலையில் தேய்க்க வேண்டிய துணிகளோடு போடாமல், தனியாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அது மட்டும் அவருக்கு வாலில்லாமல் தெளிவாகத் தெரிந்தது.