ரூல்படி வேலை செய்த பதினோரு நாள்

1. பதினேழாவது கோரிக்கை

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் ஸ்டேஷனில் நான் பாயிண்ட்ஸ்மேன். எஞ்சினைத் திருப்பி மாட்டுவது, புறப்பாட்டு மணி அடிப்பது எல்லாம் என் வேலை. பக்கத்து லெவல் கிராஸிங் கேட்டில் பகல் டியூட்டி அந்தோணி அண்ணன். வாரம் ஒரு நாள் ஓய்வு என்று ரூல் இருந்தது. அந்த ஒரு நாள் கேட்டைப் பார்க்க ‘ரெஸ்ட் கிவர்’ என்று ஓர் ஆள் வேண்டும். எங்கள் ரெஸ்ட் கிவர் இரண்டு வருஷமாகக் காகிதத்தில் மட்டுமே இருந்தார்.

அந்தோணி அண்ணன் மகள் ஸ்டெல்லாவுக்கு மாதாகோயிலில் கல்யாணம் குறித்திருந்தார்கள். அதற்குக் கேட்ட லீவும் இரண்டு முறை திரும்பி வந்தது. மாற்று ஆள் இல்லையாம். கேட்டை விட்டுவிட்டுப் போனால் வேலை போகும்.

சங்கச் செயலாளர் மாதம் தவறாமல் பேச்சுவார்த்தைக்குப் போய் வருவார். பிளாட்பாரத்திலேயே மடக்கிக் கேட்டேன்.

“ரெஸ்ட் கிவர் என்ன ஆச்சுங்க?”

“லிஸ்ட்ல அது பதினேழாவதுப்பா. நாலாவது பேசிக்கிட்டிருக்கும்போதே டீ வந்துடுது. டீ குடிச்சா மீட்டிங் முடிஞ்சிடுது.”

“அப்ப டீ வேணாம்னு சொல்லிடுங்க” என்றார் அந்தோணி அண்ணன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு நிர்வாகத்தின் மேல் இருந்த எரிச்சலுக்குக் கொஞ்சமும் குறையாத எரிச்சல் சங்கத்தின் மேலும் இருந்தது.

2. பாராட்டுக் கடிதம்

கடைசியில் சங்கம் ‘ரூல்படி வேலை’ அறிவித்தது. ரூல் புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்தால் ரயிலெல்லாம் தாமதமாகும், நிர்வாகம் வழிக்கு வரும் என்பது திட்டம். பெரிய ஜங்ஷன்களில் அப்படித்தான் நடந்தது. எங்கள் கிளைப் பாதையில் தலைகீழ். அங்கே ரயில் தாமதமானதே எங்கள் தாட்சண்யத்தால்தான். காரைக்கால்மேட்டு மீன் கூடை வந்து சேரும் வரை நிற்போம். துணிக்கடை பாய், எங்கள் ஊர் வழக்கில் நானா, வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வரும் வரை நிற்போம். ரூல் புத்தகத்தில் மீன் கூடையும் இல்லை, நானாவும் இல்லை.

பதினோரு நாள் ரயில் ஒரு நிமிஷம் பிசகவில்லை. மீன் விற்கும் செல்லம்மாள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா கலியபெருமாளு, ஒங்க சண்டையில எம் மீனு நாறுதுடா.”

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, டிவிஷன் ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இருக்கும் ஆட்களை வைத்தே இவ்வளவு திறமையாக நடத்துவதால் கூடுதல் ஆள் தேவையில்லை. இனியும் எவருக்காகவும் ரயிலைக் காக்க வைக்கக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை கல்யாணம்.

3. ரயிலை விட்ட அதிகாரி

மறுநாள் காலை ரயிலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியே வந்து இறங்கினார். எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, “கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று கேட்டைத் தாண்டிப் போனார். புதுச்சேரி ஆட்சி என்பதால் எங்கள் ஊரில் பாட்டில் மலிவு. வருகிற அதிகாரிகள் கடைத்தெருவைப் பார்க்காமல் திரும்பியதே இல்லை.

புறப்படும் நேரம் வந்தது. ஆளைக் காணோம்.

“சார் வரலியே” என்றார் மாஸ்டர்.

“உத்தரவு போட்டதே சாருதானுங்களே.”

மாஸ்டர் ஒரு நொடி யோசித்துத் தலையாட்டினார். அடித்தேன் மணியை. சார்ஜ் ஷீட் வரும் என்று தெரியும். ஆனாலும் என் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷமாக மணி அடித்ததில்லை.

அதிகாரி பையை அணைத்துக்கொண்டு ஓடி வந்தபோது கேட் மூடியிருந்தது.

“திறய்யா கேட்ட.”

“வண்டி தாண்டினாத்தானுங்க திறக்கலாம்” என்றார் அந்தோணி அண்ணன்.

அதிகாரியின் பெட்டியும் பியூனும் ஏறியிருந்த வண்டி அவர் கண்ணெதிரே போயிற்று. அடுத்த ரயில் நாலு மணிக்கு. ரயில்வே அதிகாரி பஸ்ஸில் போவதா என்ற வீம்பு வேறு. மாஸ்டர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டுக் கேட் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் நான் எட்டிப் பார்த்தபோது அந்தோணி அண்ணனின் தூக்குச் சட்டியிலிருந்து மத்தி மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு என்னைக்குய்யா ரெஸ்ட்டு?”

“அது ஆச்சுங்க ரெண்டு வருஷம். திங்கக்கெழம மவளுக்குக் கல்யாணம். அன்னிக்கும் இங்கதான். கோயில் மணி இங்க நல்லா கேக்கும், தாலி கட்டுறப்ப தெரிஞ்சுக்குவேன்னு அதுக்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

அதிகாரியின் கை சோற்றிலேயே நின்றது.

“யூனியன்காரங்க இதச் சொல்லவே இல்லியே.”

“பதினேழாவதுங்க” என்றேன் நான், வாசலில் நின்றபடி.

கையைக் கழுவிக்கொண்டு நேராக மாஸ்டர் அறைக்குப் போய்ப் போனை எடுத்தார். திங்கட்கிழமை காலை வேறு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். இரண்டு மாதத்தில் நிரந்தர ரெஸ்ட் கிவரும் வந்தார். சார்ஜ் ஷீட் மட்டும் வரவில்லை.

இரண்டு ரயிலுக்கு நடுவே கல்யாணத்துக்கு ஓடினேன். அந்தோணி அண்ணன் வெள்ளைச் சட்டையில் மகளின் கையைப் பிடித்து நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்த்தப் போனபோது ஸ்டெல்லா சொன்னது:

“சித்தப்பா, ரெண்டு வருஷத்துல பகல்ல அப்பாவ யூனிஃபார்ம் இல்லாம இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

இந்த ஒரு வரி எங்கள் மனு எதிலும் இருந்ததில்லை. ‘பணியிடம் நிரப்புதல்’ என்றுதான் எழுதியிருந்தோம். பிறகு நானே கிளைச் செயலாளரானேன். அன்றிலிருந்து மனுவில் முதலில் ஆளின் பெயரை எழுதுவேன், அடுத்து அவர் வீட்டு விஷயத்தை எழுதுவேன், கோரிக்கை அதற்கப்புறம்தான்.