என் ஆரோக்கியத்தை நம்பியவள்

2009-ஆம் ஆண்டு, பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த மழைக்காலம். அப்போது நான் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகப் படூருக்கு தினமும் வேனில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் பதினோரு பேர் சேர்ந்து மாத வாடகைக்குப் பேசிவைத்திருந்த வேன் அது.

வேனில் எனக்கு 'ஹெல்த் மேடம்' என்று பெயர். விடிவதற்குள் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பேன். காபியில் சர்க்கரை கிடையாது, ராத்திரியில் சோறு கிடையாது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. யாராவது பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், எண்ணெயைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். என்னிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் டிரைவர். ஏறக்குறைய என் வயதுதான். பீடி, தொந்தி, சர்க்கரை வியாதி எல்லாம் உண்டு. சாயங்காலம் திரும்பும்போது திருப்போரூரில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் பரோட்டா சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிவியில் காய்ச்சல் செய்தி வர ஆரம்பித்ததும், அந்த மனிதர் மறுநாளே முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கதவருகில் ஒரு தண்ணீர் கேன், சோப்பு. மழையானாலும் ஜன்னல்கள் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும் என்றார். சளி, இருமல் என்றால் கடைசி சீட்டு. காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். எல்லோரும் சிரித்தாலும் சொன்னபடி கேட்டார்கள். நான்தான் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை எழுந்தபோது எனக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நடையைக்கூட விடாமல் முடித்துவிட்டு வேனில் ஏறினேன்.

"இன்னா மேடம், கொரலு ஒரு மாதிரியா கீது? சளின்னா பின்னாடி குந்திக்கோங்க. தப்பா நென்ச்சுக்காதீங்க" என்றார் டிரைவர்.

"எனக்கா? நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சே பத்து வருஷம் ஆகுதுங்க" என்று சொல்லிவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எப்போதும் உட்காரும் பெண்ணுக்குச் செய்யூர்ப் பக்கம் பிறந்த வீடு. அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலை இழுத்து மூடினேன். கேளம்பாக்கம் தாண்டும்வரை அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாளில் எனக்குச் சரியாகிவிட்டது. பார்த்தீர்களா என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அவள் வேனுக்கு வரவில்லை. மூச்சுத் திணறிச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அவள் கணவர் போன் செய்தார். அந்தக் காய்ச்சல்தான். தாய், குழந்தை இருவரையும் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

என்னிடமிருந்துதான் தொற்றியது என்று யாரும் சொல்லவில்லை. யாராலும் நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூடவே ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. உடம்பை இவ்வளவு பார்த்துக்கொள்ளும் நான் எதையும் கடைப்பிடிக்கவில்லை. உடம்பைக் கவனிக்கவே கவனிக்காத மனிதர் எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். இது எப்படி?

வெட்கத்தை விட்டு டிரைவரிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எனக்கு என் ஒடம்பு மேல நம்பிக்கையே கெடையாது மேடம். வந்துச்சின்னா எந்திரிக்க மாட்டேன்னு தெரியும். அப்புறம், வண்டில அல்லாரும் ஒரே காத்தத்தானே இழுத்துகினு வர்றோம்?"

அதோடும் எனக்கு அடங்கவில்லை. ஏரிப் பக்கம் நடக்க வருபவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன்: எதற்காக நடக்கிறீர்கள்? முகத்தில் துணி கட்டுகிறீர்களா? என்னைப்போல 'நமக்கெல்லாம் வராது' என்றவர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தினமும் யோகா செய்பவர், கைகழுவாமல் பேரனைத் தொடவே மாட்டார். "நான் படுத்துட்டா அவனைப் பாக்க ஆளில்லம்மா, அதுக்குத்தான் இந்த நடையும்" என்றார். ஆக, நல்ல பழக்கங்கள் அவரை ஜாக்கிரதையாக்கத்தான் செய்திருந்தன. என்னைத்தான் மிதப்பில் விட்டிருந்தன.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்கப் போன நான், அதற்குமேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் சொல்லிவிட்டேன், அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இருந்தது என்று.

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே, "தெரியும்க்கா" என்றாள். "உங்க தோள்ல சாஞ்சேன்ல, சுட்டுது."

"ஏம்மா எழுந்து வேற இடத்துக்குப் போகலை?" என்று கேட்டேன்.

"நீங்க எவ்ளோ ஹெல்த்தி. உங்களுக்கு என்னா வந்துடப்போவுதுன்னு இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குழந்தையை என் பக்கம் நீட்டினாள். முதலில் கைகழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்துதான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

இன்றும் நான் நடக்கிறேன், சர்க்கரை சேர்ப்பதில்லை. ஆனால் யாராவது என்னைப் பார்த்து "உங்களுக்கென்ன, நல்ல ஆரோக்கியம்" என்று சொல்லும்போதெல்லாம், அதை நம்பி யார் என் தோளில் சாய்வார்களோ என்ற பயம்தான் எனக்கு முதலில் வருகிறது.