மண்வெட்டியும் சொம்பும்

தி. நகரில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாளே மேலாளர் எச்சரித்தார்: "ஷோரூமுக்கு வர்ற விவசாயிங்கள்ல பாதிப் பேர் ஏசிக்குத்தான் வருவாங்க. மோர் குடுத்து உக்கார வை, அப்புறம் பேசு."

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில் வந்த தணிகாசலமும் அந்தப் பாதியில் ஒருவர். ஊர் மதுராந்தகம் பக்கம். மகள் கல்யாணப் பட்டுக்காக மனைவி கடை கடையாக ஏறி இறங்க, இவர் எங்கள் ஏசியில் இளைப்பாறினார். இரண்டாவது டம்ளர் மோரில் விஷயத்துக்கு வந்தார்.

"கிணறு ஒரு மணி நேரந்தான் சார் ஊத்துது. கத்தரி இப்பத்தான் பூ வைக்குது, காய்க்கிற சமயம் தண்ணி கொறஞ்சா கருகிடும். ஆனா உங்க குழாயப் போட்டா வயல்ல தண்ணியே தெரியாதாமே? மானியம் போக நம்ம பங்கு வேற போடணும். எத நம்பி எறங்குறது? உங்க வீட்ல போட்டிருக்கீங்களா?"

எங்கள் மயிலாப்பூர் வீட்டு மாடியில் பன்னிரண்டு கத்தரித் தொட்டி உண்டு. குழாய் பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருந்தது.

"போடறேன். ஒரு மாசம் கழிச்சு வந்து பாருங்க" என்றேன்.

அன்றே குழாய் போட்டேன். தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்த சாக்கில் மனிதர் சொன்னபடி அடுத்த மாதம் வீட்டு மாடிக்கே வந்தார். செடிகள் செழித்திருந்தன. தொட்டி மண்ணில் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு ஏக்கருக்கு ஆர்டர் கொடுத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சாயங்காலம் மனைவி வசந்தா மெதுவாகச் சொன்னாள்: "தினமும் நான் ஒரு சொம்பு ஊத்தினேன். சொட்டு சொட்டா விழறதப் பாத்தா செடி பாவமா இருந்துது."

என் பேச்சை நம்பி ஒருவர் விளைச்சலையே பணயம் வைத்திருக்கிறார். மறுநாள் காலை போன் போட்டு உண்மையைச் சொன்னேன். ஆர்டரை ரத்து செய்துவிடலாம் என்றும் சொன்னேன்.

"தெரியும் சார். தொட்டிக்கு அடியில தண்ணி வடிஞ்சு கெடந்துச்சே!"

"அப்புறம் ஏங்க வாங்கினீங்க?"

"கிணத்துக்கு வேற வழி இல்ல. ஆனா மண்வெட்டிய எடுத்து மடையத் தொறக்கச் சொல்லி கை பரபரக்குமேன்னு பயம். குழாய் விக்கிற உங்க வீட்லயும் அதே பரபரப்புன்னு தெரிஞ்சதும், குத்தம் குழாயில இல்ல, கையிலதான்னு தெம்பு வந்துடுச்சு. மண்வெட்டிய மச்சான் வீட்ல குடுத்து வெச்சுட்டேன். நீங்க அந்தச் சொம்பக் குடுத்துடுங்க."

அந்தப் பருவம் அவர் கத்தரி பிழைத்தது. அதற்குப் பிறகு குழாய் பதிக்கப் போன வயலிலெல்லாம், பம்பைப் பார்க்கும் முன் மண்வெட்டி எங்கே என்று கேட்டேன்.

எங்கள் சொம்பு மட்டும் இன்னும் மாடியில்தான் இருக்கிறது.