மாதாவின் காலடியில் ஒரு நித்திரைப் பட்டி

நித்திரையை அளக்கும் கைப்பட்டி இப்போது கடைக்குக் கடை தொங்குகிறது. நான் முதன்முதலில் அதைக் கண்டது மன்னாரில், போர் முடிந்து சனம் மீளக் குடியேறிக்கொண்டிருந்த காலத்தில். நித்திரை கெட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையுமா, அது மனநோயையும் கூட்டுமா என்று ஆராய்ந்த ஒரு டொக்டரிடம் வேலை செய்தேன். வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து, பட்டியைக் கொடுத்து, ஏழாம் நாள் திரும்ப வாங்கிவர வேண்டும். அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது. போன இடமெல்லாம் தேத்தண்ணி, கருவாட்டு மணம், என் சைக்கிளை மறித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நிற்கும் கழுதைகள்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒரு அக்கா தகரக் கொட்டிலில் இருந்தார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவரின் கணவருக்கு நித்திரை இல்லை. தனக்குள் கதைத்தபடி முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பார். ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்குக் கூட்டிப்போவோம் என்றேன்.

"விசர் எண்டு ஊர் சொல்லும், தங்கச்சி. வேண்டாம்."

இரத்தம் எடுத்ததும் கணவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். பட்டியை அக்காவிடம் கொடுத்து, விளக்கக் கடிதத்தைச் செபமாலை சொல்லும் வேகத்தில் வாசித்து முடித்தேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

ஏழாம் நாள் போனால் பட்டி மாதா சுருவத்தின் காலடியில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏனக்கா, அண்ணைக்குக் கட்டேல்லையோ?"

"நவநாள் முடிய இன்னும் ரெண்டு நாள் கிடக்கு. ஒன்பது நாளும் மாதாவிட்ட வைச்சுக் கட்டினாத்தானே அவருக்கு நித்திரை வரும்?"

அளக்கும் சாமானை நித்திரை தரும் சாமான் என்று நம்பியிருந்தார். பிழை என்னுடையது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய், டொக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் செபம் முடித்து அக்கா அதைக் கணவரின் கையில் கட்டினார். ஒரு கிழமை கழித்து வாங்கிக் கணினியில் போட்டுப் பார்த்தோம். பதிந்திருந்தது இரவெல்லாம் கை அசைவுதான். திரும்பிப் போய் முற்றத்தில் நின்றே சொன்னேன்.

"இது மருந்தில்லை, அக்கா. அளக்கிறது மட்டுந்தான். நான் வடிவாச் சொல்லாமல் விட்டது பிழை. அண்ணை நித்திரை கொள்ளேல்லை."

"தெரியும். நானும் அவரோட முழிச்சுத்தானே இருந்தனான்."

அக்காவின் கையிலும் ஒரு பட்டி கட்டவேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை நினைக்க இப்போதும் மனம் குறுகுகிறது. பிறகு அக்காவே கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போவம்?"

மறுநாள் காலை மூவரும் பஸ் ஏறினோம். ஊர் எல்லை தாண்டுமுன்பே அக்கா ஜன்னலில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். கணவர் முழித்தபடி, அக்காவின் கைப்பை விழுந்துவிடாமல் இரண்டு கைகளாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.