பெருங்குடலும் இரண்டு பக்கத்துச் சொந்தமும்

ஜோகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பெருங்குடல் புற்றுநோயின் மரபணுவைப் பரிசோதிப்பது என் வேலை. இயந்திரங்கள் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன, சொந்தக்காரர்கள்தான் படுத்துகிறார்கள். ஏதாவதொரு கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களைச் சமாளித்துப் பிழைப்பவராக இருந்தால், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீனோடு வந்தது

லெட்சுமி, மூவாரில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்தவர் அவளுடைய சித்தப்பா மணியம். ஐஸ் பெட்டியைத் திறந்தால் மேலே கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன், அடியில் லெட்சுமி. எனக்கு வந்தது பாருங்கள் கோபம். மனிதர் அசரவில்லை.

"வர்ற வழியில யோங் பெங்ல ரோடு ஜாம்லா மிஸ். ரெண்டும் கெட்டுப்போகக் கூடாதுல்ல, அதான் ஒன்னா வெச்சேன்."

எந்தப் பக்கம்?

கட்டியிலும் பிறகு ரத்தத்திலும் பார்த்ததில், இது பரம்பரையாக வரும் வகை என்று தெரிந்தது. சொந்தங்கள் ரத்தம் கொடுத்தால், யாருக்கு அந்த மரபணுக் கோளாறு இருக்கிறது என்று நோய் வருமுன்பே கண்டுபிடிக்கலாம். தன்னோடு இது போகட்டும் என்பதுதான் லெட்சுமியின் ஒரே கவலை. கெஞ்சிக் கூத்தாடி சித்தப்பாவையும் தாய்மாமா சிவத்தையும் அழைத்து வந்தாள். அம்மா வழியில் வந்தது என்றார் சித்தப்பா. அப்பா வழி என்றார் மாமா. அந்தப் பக்கம் முதலில் கொடுக்கட்டும் என்று இருவருமே கையை நீட்ட மறுத்தார்கள். லெட்சுமி அழாத குறை.

நான் ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைந்தேன். லெட்சுமியின் அப்பா கட்டியது யாரை? சொந்த அக்கா மகளை. அந்த அக்கா மணியத்துக்கும் அக்கா. சிவத்துக்கு? பெற்ற தாய். இரண்டு பக்கமும் ஒரே வீடு. சிவம்தான் முதலில் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"அப்ப நாங்க யாரத்தான் மிஸ் குத்தம் சொல்றது?"

கிடைக்காத பங்கு

சிவத்துக்கு அந்தக் கோளாறு இருந்தது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி; புற்றாக மாறுமுன்பே எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்ல வந்த லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், முகக்கவசம் காப்பாற்றியது.

கூட வந்த மணியத்திடம், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன். மனிதர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"எங்கப்பா நெலத்துலயும் எனக்குப் பங்கு வரல. இதுலயும் இல்லையா?"

இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு ஒருவரைச் சமாதானப்படுத்தும் வித்தையை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.