மல்லிகா அக்கா அள்ளிய தண்ணீர்

மல்லிகா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எல்லோரும் அனுதாபம் போட்டார்கள். நானும் போட்டேன், பிறகு அழித்துவிட்டேன். அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு.

நாவற்குடாவிலிருந்து சைக்கிளில் வருவார். வாவியில் இறங்கித் தண்ணீர் மாதிரிகள் எடுத்துக் குறித்து வைப்பது அவர் வேலை. கணக்குப் பார்ப்பது என் வேலை. இறால் பண்ணை ஒன்றின் கழிவுநீர் விழத் தொடங்கியபின் மீன் சாகிறது என்று தோணிக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். கழிவு வாய்க்காலுக்கு மேலேயும் கீழேயும் ஆறு நாள் காலையில் தண்ணீர் எடுத்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வது சூனியக் கருதுகோள். அதை மறுக்க எங்கள் தரவு போதவில்லை. "மறுக்க முடியவில்லை" என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும். "வித்தியாசம் இல்லை" என்று எழுதினேன்.

"ரெண்டு நாள் மழை மனே, தண்ணியெல்லாம் கலந்து போச்சு. இன்னும் பத்து நாள் எடுப்பமே" என்றார் அக்கா, எப்போதும்போல் என்னை மகனே என்று அழைத்து.

"கணக்கு முடிஞ்சிது அக்கா. இல்லாதத இருக்கு எண்டு சொன்னா என்னைத்தான் சிரிப்பாங்க."

"காத்துக்குக் குரைக்கிற நாய்க்குத்தான் நீங்க பயப்படுறீங்க. கள்ளன் வந்தும் படுத்துக் கிடக்கிற நாயும் இருக்கு."

இல்லாததை உண்டு என்பது முதலாம் வகை வழு, இருப்பதைத் தவறவிடுவது இரண்டாம் வகை வழு என்று நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு அவசரம். அறிக்கையை அனுப்பினேன். முறைப்பாட்டை மூடிவிட்டார்கள்.

அடுத்த வருடம் வேறொரு குழு பல வாரம் அளந்தது. வாய்க்காலுக்குக் கீழே ஒட்சிசன் குறைவு என்பது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கூட்டத்தில் பொறுப்பாளர், "மாதிரிக் குறிப்பிலதான் பிழையோ?" என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு எதிரே இருந்தார்.

வெளியே வந்ததும், "என்ட எழுத்து அவ்வளவு கேவலமா மனே?" என்றார். நான் சிரித்தேன். அதன்பின் எந்த ஆய்வுக்கும் பொறுப்பாளர் அவரைக் கூப்பிடவில்லை. அப்போதும் பிழை என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

அவருடைய குறிப்பேட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். நாள், நேரம், காற்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மழை நாள் இரண்டின் கீழும் கோடு போட்டிருக்கிறார். அவர் குறிப்பில் பிழையில்லை. ஆறு நாள் போதும் என்றவன் நான். இதைப் பொறுப்பாளருக்கும் தோணிக்காரர் சங்கத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் சடங்கன்று குறிப்பேட்டை அக்காவின் மகளிடம் ஒப்படைப்பேன். அக்கா தன் எழுத்தைப் பற்றிக் கேட்டபோது நான் சிரித்தது மட்டும் என்னோடு இருக்கும்.